குழந்தைகளுக்கு ஸ்வரக் குறிப்பு: கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு 5 வயது. ஸரளி வரிசை (கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சி) நன்றாகப் பாடுகிறாள். நோட்டைப் பார்த்துப் பாடச் சொன்னால் திணறுகிறாள். எப்படி எழுதித் தருவது?

பதில்: கட்டம் போட்டு எழுதுங்கள். வரிக்கு 8 கட்டம், ஒவ்வொன்றும் அவள் விரல் வைக்கும் அளவுக்குப் பெரிதாக. நாலாவது, ஆறாவது கட்டங்களுக்குப் பின் தடித்த கோடு. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை 4+2+2 ஆகப் பிரிவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கட்டத்துக்கு ஒரு ஸ்வரம். கார்வை (முந்தைய ஸ்வரத்தை நீட்டுவது) வரும் இடத்தில் கட்டம் காலி. தாளத்தை நீங்கள் போடுங்கள், அவள் விரலை நகர்த்தட்டும். காலிக் கட்டத்திலும் விரல் ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) நிற்க வேண்டும். இது பழகிய பிறகே அங்கே காற்புள்ளி. அதற்கும் பிறகு ‘ஸ ,’ என்பதை ‘ஸா’ என்று எழுதலாம். அச்சுப் புத்தகத்தை முதலிலேயே கொடுத்தால் காற்புள்ளியைத் தாண்டி ஓடிவிடுவார்கள். தாளம் முடியுமுன் வரி தீர்ந்துபோகும்.

கேள்வி: மேல் ஸ்தாயியைக் (உயரத்தில் பாடும் ஸ்வர வரிசை) காட்ட எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் என் மாணவன் ‘ஸ்’ என்று மெய்யெழுத்தாகப் படிக்கிறான்.

பதில்: பள்ளியில் படித்தபடிதான் வாசிக்கிறான், அவன்மேல் தவறில்லை. தொடக்கத்தில் புள்ளியே வேண்டாம். மேல் ஸ்தாயி ஸ்வரத்தைக் கட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டியும், கீழ் ஸ்தாயியைக் கீழ் விளிம்பை ஒட்டியும் எழுதுங்கள். பிறகு சிவப்புப் புள்ளி வைக்கலாம். ரி, நி இரண்டிலும் வளைவைத் தொடாமல் சற்று உயரத்தில்.

கேள்வி: ஸ்வரத்துக்கு ஒரு நிறம் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நிறத்தைப் படிப்பார்கள், எழுத்தை விட்டுவிடுவார்கள். ஸ்தாயிக்கு மட்டும் நிறம் போதும்.

கேள்வி: கீபோர்டில் ஸ ரி க ம ஸ்டிக்கர் ஒட்டினேன். ஸரளி வரிசைக்கான மாயாமாளவகௌளை ராகம் வரவில்லையே?

பதில்: வெள்ளைக் கட்டைகளில் வரிசையாக ஒட்டியிருப்பீர்கள், அது சங்கராபரணம் என்ற வேறு ராகம். ‘சி’யை ஸ என்று கொண்டால் இந்த ராகத்தின் ரி1, த1 (ரி, த இரண்டின் தாழ்ந்த வகை) இரண்டும் கறுப்பு: ஸ-வுக்கும் ப-வுக்கும் வலப்புறம் ஒட்டியிருப்பவை. மற்ற ஐந்தும் வெள்ளை. குழந்தையின் ஸ்ருதி 5 கட்டை (‘ஜி’) என்றால் ஸ்டிக்கரைத் தொடாமல் ட்ரான்ஸ்போஸை (கீபோர்டில் ஸ்ருதியை மாற்றும் வசதி) +7 வையுங்கள்.

கேள்வி: பார்த்துப் பாடுகிறானா, மனப்பாடமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வரியின் நடுவில் விரல் வைத்து அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அடுத்து, தெரிந்த வரிசையில் ஒரே ஒரு கட்டத்தை மாற்றுங்கள். ‘ஸ ரி க ம | ப த | நி ஸ’ என்பதில் கடைசி ஸ-வை அழித்து த. மனப்பாடமாக இருந்தால் பழக்கத்தில் ஸ-வுக்கே போய்விடுவான். அப்போது திருத்த வேண்டாம். அந்தக் கட்டத்தில் விரலை வைத்து எழுத்தை மட்டும் வாசிக்கச் சொல்லி, மறுபடி பாட விடுங்கள்.