பதில்: அம்மாவின் உரிமைத்தொகையை வங்கி பிடித்துக்கொள்கிறது

அம்மாவுக்கு வரும் மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாயில், குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று வங்கி ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய், இருக்கிற கணக்கையே ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்காக’ மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, மாதம் 4 முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். ஆனால் அதே வங்கியில் அவருக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சோடு வந்துவிடாதீர்கள்.

அப்புறம், "ஆயிரத்தில் என்ன ஆகிவிடும், ஆறு மாதம் சேர்த்து எடு" என்கிறாரே உங்கள் அண்ணன், அதை நான் ஏற்க மாட்டேன். கிராமத்தில் கூலி என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்தால் வேலை இல்லை, நடவு முடிந்தாலும் இல்லை. 15ஆம் தேதி வாக்கில் இது வந்துவிடும் என்ற நிச்சயம்தான் பெரிய விஷயம். எங்கள் பெரியம்மா மளிகைக் கடையில் கடன் நோட்டை முடித்ததே இதை வைத்துத்தான். இப்போது கைக்காசுக்கு வாங்குகிறார், கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளாமல் விலை கேட்கிறார்! நூற்றுக்கு ஐந்து வட்டியில் 20,000 வாங்கினால் மாத வட்டியே 1000 ரூபாய். அவசரத்துக்கு அந்தப் பக்கம் போகாமல் இருந்தாலே லாபம்தானே?

ஏடிஎம் அட்டை மட்டும் அம்மா கையிலேயே இருக்கட்டும்.