மகள் அரும்பொருளகத்துக்குப் போகட்டுமா?

கேள்வி: என் மகள் உயர்நிலை 2 படிக்கிறாள். பள்ளி முடிந்தபின் அரும்பொருளகம் ஒன்றில் பதின்ம வயதினருக்கு நடக்கும் ஓவிய, எழுத்துப் பயிற்சியில் சேரத் துடிக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை அவளுக்குக் கணிதத் துணைப்பாடம் இருக்கிறது. பயிற்சியும் அதே நேரத்தில்தான். “படம் வரைந்து என்ன ஆகப்போகிறது?” என்கிறார் கணவர். நான் என்ன செய்யட்டும்? – ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, அனுப்புங்கள். துணைப்பாடத்தை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று ஆசிரியரிடம் இன்றே கேளுங்கள். பெரும்பாலும் முடியும். உயர்நிலை 2 என்பது இதற்கு நல்ல வயது. இன்னும் ஓராண்டு போனால் உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வின் நினைப்பே வீட்டை நிறைத்துவிடும். பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வை 2023க்குள் கல்வி அமைச்சு முழுமையாக நீக்கியது. அப்படி மிச்சமான நேரத்தையும் துணைப்பாடத்தாலேயே நிரப்புகிறோமே என்பது என் நெடுநாள் வருத்தம்.

கணவரிடம் வாதாட வேண்டாம். ஒரு சனிக்கிழமை மூவரும் தேசியக் கலைக்கூடத்துக்குப் போய் வாருங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்களைப் பார்க்கக் கட்டணமில்லை. அங்கே ஓவியர் சுவா மியா தீ 1959இல் தீட்டிய ‘தேசிய மொழி வகுப்பு’ என்ற ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து தேசிய மொழியான மலாயைக் கற்கிறார்கள் சிலர். கரும்பலகையில் இரண்டே கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? அந்த மேசையில் இருக்கும் ஒருவராகத் தன்னை நினைத்துக்கொண்டு அவ்விரு கேள்விகளுக்கும் உங்கள் மகள் பதில் எழுதட்டும். கணவரும் எழுதட்டும். எழுத உட்கார்ந்தால்தான் யார் எங்கே பார்க்கிறார், யார் சற்றுத் தள்ளி இருக்கிறார் என்பதெல்லாம் கண்ணில் படும். நல்ல பயிற்சியில் நடப்பது இதுதான். ஒரு பொருளின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்து, வரைந்து, எழுதி, அடித்துத் திருத்தும் பொறுமையை மதிப்பெண் போடாமல் கற்றுத்தருகிறார்கள். கட்டுரைத் தாளில் இரண்டாம் பத்தியோடு நின்றுபோகும் பிள்ளைகளுக்குக் குறை சொல்வளத்தில் இல்லை; பார்த்துப் பழகாததில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேர்க்குமுன் சிலவற்றை விசாரியுங்கள். நடத்துபவர் தாமே வரைபவரா, எழுதுபவரா? பிள்ளைகள் காட்சிக்கூடத்தில் உட்காருகிறார்களா, அல்லது வகுப்பறையிலேயே முடித்துவிடுகிறார்களா? முக்கியமாக, தமிழில் எழுத இடமுண்டா? இல்லையென்றாலும் சேருங்கள்; ஆனால் கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் அவளை அழைத்துச் செல்லுங்கள். 2015இல் திறந்த அந்த நிலையத்தில், நுணுக்கமாகச் செதுக்கிய செட்டிநாட்டு மரக்கதவு நிலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவளுடைய குறிப்பேட்டை அவள் காட்டாமல் திறக்காதீர்கள். உறவினர் முன் வாசிக்கச் சொல்லாதீர்கள். தொடக்கக்கல்லூரி சேர்க்கைக்கு உதவுமே என்று சான்றிதழ் கேட்டு நிற்காதீர்கள். பதினான்கு வயதில் தனக்கென்று எழுதும் பக்கம் வீட்டாரின் கண்காட்சியாகிவிட்டால், அடுத்த வாரமே எழுதுவதை நிறுத்திவிடுவாள்.

கணக்கில் பின்தங்கினால் என்ன செய்வது என்று உங்கள் கணவர் கேட்பார். முதல் பருவம் முடியும் வரை பாருங்கள். மதிப்பெண் உண்மையிலேயே சரிந்தால் மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் அவளுடைய கருத்தை முதலில் கேளுங்கள்.