பரிசோதனையில் குறையில்லை, வலி மட்டும் தீரவில்லை

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு ஆண்டுகளாக வயிற்று வலி, உப்புசம். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் மூன்று நான்கு முறை கழிவறைக்குப் போக வேண்டியிருக்கிறது. எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எதிலும் குறையில்லை என்கிறார்கள். சில மாதங்களாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் இல்லை. வீட்டில் எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள். மனத்தால் வயிறு கெட்டதா, வயிற்றால் மனம் கெட்டதா? எதற்கு முதலில் மருத்துவம் பார்ப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வலி மனப்பிரமை அன்று. எண்டோஸ்கோப்பி குடலின் உட்புறத்தில் புண்ணோ கட்டியோ இருந்தால் காட்டும். குடல் எந்த வேகத்தில் அசைகிறது, அதன் நரம்புகள் எவ்வளவு கூர்மையாக வலியை உணர்கின்றன என்பதை அது காட்டாது. நீங்கள் விவரிப்பவை ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் நோயின் அறிகுறிகளை ஒத்திருக்கின்றன. அந்நோயில் கோளாறு இருப்பது இந்த அசைவிலும் உணர்விலும்தான்.

மனஅழுத்தம் நேரும்போது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து புறப்படும் மற்றொரு ஹார்மோன் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளிலிருந்து கார்ட்டிசோல் என்ற மனஅழுத்த ஹார்மோனை வெளிவரச் செய்கிறது. இதே சி.ஆர்.எச். இரைப்பை காலியாவதை மந்தப்படுத்தி, பெருங்குடலின் அசைவை விரைவுபடுத்தவும் செய்கிறது. மேல்வயிறு கனத்துக் கிடக்கும்போதே கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும் முரண்பாடு இதனால் நேரலாம். இயல்பாகவே பெருங்குடல் கண்விழித்தபின் சுறுசுறுப்படையும் உறுப்பு. அதனோடு வேலைக்குப் போகும் பதற்றமும் சேர்ந்தால் உங்கள் காலைப் பொழுது அப்படித்தான் அமையும்.

கார்ட்டிசோல் போதிய அளவை எட்டியதும் ஹைப்போதலாமஸ் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மனச்சோர்வுற்றோர் பலரிடம் இந்தத் தடை தளர்ந்துவிடுவதால், அழுத்தத்திற்கான காரணம் நீங்கிய பின்னும் ஹார்மோன்கள் அடங்குவதில்லை. எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு: மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை. ஆகவே ஓயாத குடல் வலி மனத்தைச் சோர்வடையச் செய்வதில் வியப்பில்லை. மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில் சிலருக்கு மனச்சோர்வும் சிலருக்குக் குடல் தொல்லையும் முந்தி வந்திருக்கின்றன. உங்களுக்கு எது முந்தியது என்று தேடி மனத்தை வருத்திக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மருத்துவம் பாருங்கள்.

மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருளான செரோடோனினில், உடலில் உள்ளதில் 90 விழுக்காட்டிற்கு மேல் குடலில்தான் இருக்கிறது என்பதைக் காட்டி, குடலைச் சுத்தம் செய்தால் மனச்சோர்வு தீரும் என்று விற்கப்படும் பொருள்களை நம்பிவிடாதீர்கள். குடலில் உண்டாகும் செரோடோனின் மூளைக்குள் நுழைவதில்லை.

தைராய்டு பரிசோதனை செய்யப்படவில்லை என்றால் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அச்சுரப்பியின் கோளாறு மனநிலையையும் மலப்போக்கையும் ஒருசேர மாற்றக்கூடியது. மலத்தில் ரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, ரத்தசோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். மருத்துவர் அமிட்ரிப்டிலின் மாத்திரையை 10 முதல் 30 மில்லிகிராம் வரை பரிந்துரைக்கலாம். மனச்சோர்வுக்கான பழைய மருந்தாகிய அது, இந்தச் சிறிய அளவில் குடலின் வலியுணர்வைத் தணிக்கப் பயன்படுகிறது. மனச்சோர்வைத் தீர்க்க அந்த அளவு போதாது என்பதால் மனநல மருத்துவரையும் தனியே பார்க்க வேண்டும். அவர் தரும் புதிய வகை மருந்துகள் முதல் ஓரிரு வாரங்கள் குமட்டலையோ வயிற்றுப்போக்கையோ உண்டாக்கலாம். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிடாமல், குடல் தொல்லை இருப்பதை முன்கூட்டியே அவரிடம் தெரிவியுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியே மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மனச்சோர்வு, குடல் தொல்லை இரண்டுக்குமே பலன் தருவது. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அடுத்த சந்திப்புவரை காத்திராமல், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். தனியாகச் செல்லாமல் நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.