மாரிமுத்து யாரிடம் பேசுகிறார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி மாரிமுத்துவைப் பற்றிய என் சிறுகதையை இணைத்துள்ளேன். படித்த தோழிகள், ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார்கள். 'அவர்' என்பதை 'நான்' என்று மாற்றினால் உயிர் வருமா?

வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

'அவர்', 'நான்' இரண்டும் சரிதான், விடுங்கள். மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாரே, அந்த வரியில் மாரிமுத்து நிற்கிறார். அழகான வரி. வாயைத் திறந்ததும் காணாமல் போகிறார்.

மனைவி, பேரன், பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர், தாதி, எல்லாரிடமும் ஒரே செய்தித் தமிழ்! 1945ல் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர் சீனப் பெரியவரிடம் பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், "சூடா மாக்கான்?" என்றுதான் 'சாப்பிட்டாச்சா' என்பதைக் கேட்பார். பேரனிடம் உடைந்த ஆங்கிலம், கோபம் வந்தால் தமிழ். மனைவியிடம் பாதி வாக்கியம். மீதி அந்த அம்மாவுக்குத் தெரியும்.

"நாளைக்கு வரமாட்டேன்" என்பதை இந்த நால்வரிடமும் அவரைச் சொல்ல வையுங்கள். யாரிடம் காரணம் சொல்கிறார், யாரிடம் பொய் சொல்கிறார் என்று பாருங்கள். பிறகு பெயர்களை மறைத்துவிட்டு உரக்கப் படியுங்கள். யார் எதிரே இருக்கிறார் என்பது காதிலேயே விளங்க வேண்டும். அதற்காக வரிக்கு வரி சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா' ஒட்டாதீர்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு மலாய்ச் சொல் போதும். அடைப்புக்குறியில் பொருள் எழுதினால் வாசகர் கதையை விட்டு எழுந்துவிடுவார்.

மனைவி கமலாவிடம் அவர் சொல்கிறார்: "1972ல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்தார்களே, அதிலிருந்து மூட்டை தூக்கும் வேலை குறைந்ததே, கமலா!" இது என்னம்மா? தகவல் சரி. ஆனால் அந்தச் சம்பளத்தில் அரிசி வாங்கியவருக்கா ஆண்டுக்கணக்குச் சொல்வது? இது வாசகருக்காக நீங்கள் பேசியது. மூட்டைக் கொக்கி இன்னும் கட்டிலடியில் கிடக்கட்டும். "அந்தத் துருப்பிடிச்சத இன்னைக்காவது தூக்கிப் போடுங்களேன்" என்று கமலா சொல்லட்டும். அவர் பேச்சை மாற்றட்டும்.

கோப்பிக்கடைக் காட்சியை மட்டும் திருத்தி அனுப்புங்கள். அவருக்கு நீரிழிவு. மகள் கூட வந்தால் கேட்பது 'கோப்பி ஓ கோசோங்', பாலும் சீனியும் இல்லாதது. தனியாக வந்தால் கெட்டிப்பால் ஊற்றிய 'கோப்பி'. மகள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, கடைக்காரர் கேட்காமலே வழக்கமான கோப்பியைக் கொண்டுவந்து வைக்கிறார். மாரிமுத்து என்ன சொல்கிறார், எந்த மொழியில்?