கீரைப் பையைப் பூனை கிளறினால்

இரண்டு பூனைகளும் மாடியில் கீரை விதைத்த பைகளைக் கிளறி அங்கேயே மலம் கழிக்கின்றன, தினமும் ஃபினாயில் விட்டுக் கழுவியும் நிற்கவில்லை என்கிறீர்கள். முதலில் ஃபினாயிலை நிறுத்துங்கள். அதிலுள்ள ஃபீனால் போன்றவற்றைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே ஆபத்து. சோப்புத் தண்ணீர் போதும். பூனையை விரட்ட அந்துருண்டையும் போடாதீர்கள், அதுவும் விஷம்தான்.

உதிரியான, காய்ந்த மண்ணைத்தான் பூனை தேடும். விதைத்ததும் 1 அங்குலக் கண்ணுள்ள கோழிவலையை மண்ணோடு படியப் பதித்து, கூரான ஓரங்களை உள்ளே மடக்குங்கள். கீரை கண் வழியே வளரும், மேலாக அறுத்துக்கொள்ளலாம். தண்டு தடிக்கும் ரகமென்றால் நாற்று 3 அங்குலம் வந்ததும் வலையை எடுத்துவிட்டு, இடைவெளியில் கொட்டாங்கச்சிச் சில்லுகளைச் செருகுங்கள்.

வலை மட்டும் போட்டால் அடுத்த தொட்டிக்குப் போகும். 2 பூனைக்கு 3 மணல் தட்டு, 5 செ.மீ. ஆழ மணல், சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தள்ளி, நிழலில் வையுங்கள். தினமும் அள்ளிவிடுங்கள்: மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே அசுத்தமான பைகளில் கீரை வேண்டாம், பூச்செடி வையுங்கள். லில்லி மட்டும் கூடாது, பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.