பிறந்த பாறை வேறு, தங்கிய பாறை வேறு

கேள்வி: பெட்ரோலியம் டைனோசர்களின் உடலிலிருந்து வந்தது என்று நினைத்திருந்தேன். உயிர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பூமியின் ஆழத்திலிருந்து வற்றாமல் ஊறுகிறது என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: இரண்டுமே சரியில்லை. கடலிலும் ஏரியிலும் மிதந்த பாசிகளும் பாக்டீரியாக்களும்தான் பெரும்பாலான எண்ணெய்க்கு மூலம். அவை ஆக்சிஜன் எட்டாத சேற்றில் புதைந்து கெரோஜன் என்ற பொருளாகின்றன. பாறை கீழே இறங்கி, சூடு சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கெரோஜன் உடைந்து எண்ணெய் உண்டாகத் தொடங்கும். 150 டிகிரிக்கு மேல் போனால் எண்ணெயும் உடைந்து பெரும்பாலும் வாயுவாகிவிடும்.

நான் ஆய்வகத்தில் கச்சா எண்ணெயைப் பிரித்துப் பார்ப்பவன். நண்பருக்கு என்னிடம் உள்ள நல்ல பதில் போர்ஃபிரின்தான். 1930களில் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதை எண்ணெயில் கண்டார். பச்சையத்தின் மூலக்கூறில் இருக்கும் அதே அணு வளையம். நடுவில் மக்னீசியம் போய் வனேடியமோ நிக்கலோ உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அதிகச் சூட்டில் இந்த வளையம் சிதைந்துவிடும். பூமியின் கொதிக்கும் ஆழத்திலிருந்து எண்ணெய் வந்திருந்தால் இது எப்படித் தப்பியிருக்கும்? பாக்டீரியாவின் செல் சவ்விலிருந்து வந்த ஹோப்பேன்கள் என்ற மூலக்கூறுகளும் கூடவே இருக்கின்றன. இவற்றைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நண்பர் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. உயிரில்லாமலும் மீத்தேன் உருவாகும். துருக்கியின் யானார்தாஷ் மலையில் எரியும் வாயுவில் பெரும்பங்கு அப்படிப்பட்டதுதான். ஆனால் ஸ்வீடனின் சில்யான் பகுதியில், 1980களில் அப்படிப்பட்ட வாயுவைத் தேடி கிரானைட்டை 6 கிலோமீட்டருக்கு மேல் துளைத்தும் விற்கும் அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கேள்வி: எண்ணெய் நிலத்தடியில் ஏரி போலத் தேங்கி நிற்கிறதா?

பதில்: இல்லை. மணற்கல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றின் நுண்துளைகளில் இருக்கிறது. கெரோஜன் உடையும்போது ஏறும் அழுத்தம் அதைப் பிறந்த பாறையிலிருந்து வெளியே தள்ளுகிறது. அப்புறம் நீர் நிரம்பிய துளைகள் வழியே, நீரைவிட லேசானது என்பதால், மேலே மேலே நகர்கிறது. களிப்பாறையோ உப்புப் படலமோ மூடியாகத் தடுத்தால் நிற்கும். சில எண்ணெய்கள் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணப்பட்டிருக்கின்றன. எங்கே போய்த் தங்கினாலும் ஹோப்பேன் போன்ற மூலக்கூறுகளின் விகிதம் கைரேகை மாதிரி தாய்ப்பாறையைக் காட்டிக்கொடுக்கும்.

தடுக்க எதுவும் இல்லையென்றால் தரைவரை வந்துவிடும். கனடாவின் அத்தபாஸ்காவில் தரைக்கு அருகே வந்த எண்ணெயின் லேசான பகுதியைப் பாக்டீரியாக்கள் தின்றுவிட்டன. மணலில் ஒட்டிய தார்தான் மிச்சம்.