வாசகர் கேள்வி – பதில்: கலியாணப் பூச்செண்டு

கேள்வி: என் அண்ணியின் கலியாணத்தில் பூச்செண்டு கோயிலுக்குப் போய்ச் சேருமுன்பே தலை தொங்கிவிட்டது. அபசகுனம் என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஓகஸ்டில், பின்னேரம் 4 மணிக்கு எனக்குக் கலியாணம். பயமாக இருக்கிறது.
— வாசகி, கொழும்பு 13

பதில்: தங்கச்சி, பூவுக்குத் தண்ணீர் போகவில்லை, அவ்வளவுதான். ரோசாக் காம்பை வெட்டி வெளியில் வைத்தால் காற்று உள்ளே ஏறி நீர் போகும் வழியை அடைத்துவிடும். கழுவாத வாளியில் பெருகும் பக்டீரியாவும் அதையேதான் செய்யும். பூவின் கழுத்து வளைவது இதனால்தான்.

முதல் நாள் இரவு, சவர்க்காரம் போட்டுக் கழுவிய வாளியில் தண்ணீர் நிரப்புங்கள். காம்பின் நுனியைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே கூரான கத்தியால் 2 சென்றிமீற்றர் சரிவாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் காம்பை நசுக்கும். தண்ணீருக்குள் அமிழும் இலைகளைக் களைந்துவிட்டு, 4 முதல் 6 மணித்தியாலம் நிழலில் வையுங்கள். அதற்குப் பிறகுதான் கட்ட வேண்டும். ரிபனைச் சுற்றும்போது காம்பின் அடியில் ஓர் அங்குலத்தை வெளியில் விட்டால், புறப்படும்வரை செண்டைப் போத்தலில் நிறுத்தி வைக்கலாம். எடுக்கும்போது நன்றாகத் துடையுங்கள், இல்லாவிட்டால் ஈரம் உடுப்பில் படும்.

வீட்டு பிரிட்ஜில் வைப்பதானால் ரோசாவுக்கு மட்டும் சரி, அதுவும் பழங்கள் இல்லாத தட்டில். வாழைப்பழமும் மாம்பழமும் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதுமையாக்கும், கார்னேஷனை மூடவே வைத்துவிடும். ஓர்கிட்டையும் அந்தூரியத்தையும் பிரிட்ஜில் வைக்கவே கூடாது. 10 பாகைக்குக் கீழ் இருந்தால் அவை கறுத்துவிடும். கொழும்பு வெக்கைக்கு எங்கள் சிபாரிசு ஓர்கிட்தான்: நன்றாகத் தண்ணீர் குடித்த பூ, வெளியில் பல மணித்தியாலம் தாங்கும்.

காரில் ஏசி காற்று நேராகப் படும் இடத்திலும் டிக்கியிலும் வைக்காதீர்கள். சுதந்திரச் சதுக்கத்தில் மதிய வெயிலில் படம் எடுக்கப் போகிறீர்களானால், அதற்கு மலிவான இரண்டாவது செண்டு ஒன்று கட்டுவியுங்கள். எல்லாம் செய்தும் ஒரு ரோசா வளைந்தால், நுனியைத் திரும்ப வெட்டி, பூவோடு முழுதாக ஒரு மணித்தியாலம் தண்ணீரில் கிடத்துங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

கேள்வி: பூச்செண்டை மாதா சுரூபத்தின் பாதத்தில் வைக்க வேண்டும் என்கிறா அம்மா. மகளோ ஹோலில் தோழிகளுக்கு எறிய வேண்டும் என்று நிற்கிறாள். எறிந்தால்தான் அதிர்ஷ்டமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: பிடிப்பவளுக்கு அடுத்த கலியாணம் என்பது மேலைநாட்டு நம்பிக்கை. அங்கேயே எறியாதவர்களும் உண்டு. 1923இல், பின்னாளில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசரை மணந்த எலிசபெத், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் நுழையும்போதே பெயர் தெரியாப் போர்வீரனின் கல்லறையில் தன் செண்டை வைத்தார். அதன்பின் அரச குடும்பத்து மணமகள்மார் பலரும் கலியாணம் முடிந்ததும் தங்கள் செண்டை அங்கே அனுப்பினார்கள்.

ஆகவே பெரிய செண்டு மாதாவுக்கு, எறிவதற்கு வேறொன்று. இதற்கு 8 முதல் 10 பூ போதும். கம்பியோ குண்டூசியோ இல்லாமல் ரிபனால் மட்டும் கட்டச் சொல்லுங்கள், முகத்தில் பட்டால் கண்ணுக்கு ஆபத்து. மேலே மின்விசிறி இருந்தால் முதலில் நிறுத்துங்கள். தோழிகள் 10 அடி தள்ளி நிற்கட்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம். கலியாணம் ஆகாத அக்காமாரை மைக்கில் பெயர் சொல்லி முன்னுக்கு அழைக்காதீர்கள். ஊர்ச்சனத்துக்கு முன்னால் அது பெரிய நோவு. விரும்புகிறவர்கள் தாங்களாக வரட்டும்.

கேள்வி: சிவப்பு ரோசாவையும் வெள்ளை ரோசாவையும் சேர்த்துக் கட்டக்கூடாதாமே? லில்லியும் ஆகாதா?
— வாசகி, தெஹிவளை

பதில்: சிவப்பும் வெள்ளையும் இரத்தத்தையும் பன்டேஜையும் நினைவூட்டும் என்பது பிரித்தானிய ஆஸ்பத்திரிகளில் இருந்த பயம். நோயாளிக்குக் கொண்டுபோகும் பூவைப் பற்றிய பேச்சு அது. எங்கள் மணமாலைகளில் அந்த இரண்டு நிறமும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன, தாராளமாகக் கட்டுங்கள்.

லில்லியில் பார்க்க வேண்டியது அதன் மகரந்தத்தை. இதழ் விரியத் தொடங்கியதுமே, பொடி உதிருமுன், உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். கூறைச் சேலையில் பட்டுவிட்டால் ஈரத்துணியால் தேய்க்கக்கூடாது, கறை நூலுக்குள் இறங்கிவிடும். செலோடேப்பை மெல்ல ஒற்றி ஒற்றி எடுங்கள்.